வெளிநாட்டுப் படங்களை வீட்டில் பார்க்க எந்த ‘ரீஜன் ஃப்ரீ’ டிஸ்க் பிளேயர் வாங்கலாம்?

ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் இருக்கும் தங்கை நாலைந்து வருடமாக அனுப்பிய பிரெஞ்சு, ஜப்பானிய, ஈரானியப் படங்கள் டிவிடியும் ப்ளூ-ரேயுமாக இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. வீட்டு பிளேயரில் போட்டால் ரீஜன் (டிஸ்க் எந்தெந்த நாடுகளில் ஓடலாம் என்ற பூட்டு) சரியில்லை என்று எழுத்து வந்து நின்றுவிடுகிறது. எந்த ரீஜன் ஃப்ரீ பிளேயர் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி.

அந்த இருபதும் லண்டனில் வாங்கியவைதான் என்றால் உங்களுக்கு ரீஜன் ஃப்ரீ பிளேயரே தேவைப்படாது அண்ணா. தங்கை அடுத்த முறை ஊருக்கு வரும்போது அங்கே கடையில் விற்கிற சாதாரண ப்ளூ-ரே பிளேயர் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்கள் பையர் ஒருவரின் தரப் பரிசோதகர் ஐரோப்பாவிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை வருவார். எனக்குப் படங்கள் பிடிக்கும் என்று தெரிந்ததும் வரும்போதெல்லாம் இரண்டு மூன்று ப்ளூ-ரே கொண்டுவந்து கொடுப்பார். 2012ல் அப்படி ஏழெட்டு சேர்ந்ததும், கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போய் ப்ளூ-ரே பிளேயர் வாங்கினேன். பெட்டி மேல் ‘ஆல் ரீஜன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. “எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடுமுங்க, தைரியமா எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர்.

அந்த வருடம் நம் பக்கம் கரண்ட் எப்படி இருந்தது என்று உங்களுக்கே ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு வந்து ஒயரெல்லாம் மாட்டிவிட்டு, கரண்ட் வரட்டும் என்று இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்கு வந்தது. டிஸ்க்கைப் போட்டேன். இந்த ரீஜனில் இது ஓடாது என்று ஒரு வரி வந்தது. மாற்றி மாற்றி எல்லா டிஸ்க்கையும் போட்டேன், ஒன்று மட்டும் ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளேயரைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு அமெரிக்க டிவிடியை எடுத்து வந்து போட்டார். அருமையாக ஓடியது. “ஓடுதல்லங்க?” என்றார். ஆமாம், ஓடியது. ஆனால் என் கையில் இருந்தவை ப்ளூ-ரே. திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தப் பதிலில் முக்கியமான செய்தி. டிவிடிக்கு ஒரு பூட்டு, ப்ளூ-ரேக்கு வேறொரு பூட்டு. ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. ‘ரீஜன் ஃப்ரீ’, ‘மல்டி ரீஜன்’, ‘ஆல் ரீஜன்’ என்று எழுதி விற்கும் ப்ளூ-ரே பிளேயர்களில் பலவற்றில் டிவிடிப் பூட்டு மட்டும்தான் திறந்திருக்கும். டிவிடிப் பூட்டைப் பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே எடுத்துவிடலாம். ப்ளூ-ரே பூட்டு பெரும்பாலான பிளேயர்களில் அப்படி எண்களுக்கு மசியாது. உள்ளே சிப் வேலை செய்திருக்க வேண்டும். அதனால் கடையில் “ரீஜன் ஃப்ரீயா?” என்று கேட்காதீர்கள், “ப்ளூ-ரே A, B, C மூன்றும் ஓடுமா?” என்று கேளுங்கள் (இந்த எழுத்துகளின் கணக்கு அடுத்து வருகிறது). கேட்டதோடு விடாமல் உங்கள் டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பணம் கொடுப்பதற்கு முன்னால் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பூட்டு எதற்கு என்றால், ஒரு படம் அமெரிக்காவில் தியேட்டரில் ஓடி முடிந்து டிஸ்க்காக வரும் சமயத்தில் இன்னொரு நாட்டில் தியேட்டருக்கே வந்திருக்காது. அங்கிருந்து டிஸ்க்கை வாங்கிப் பார்த்துவிட்டால் இங்கே டிக்கெட் விற்காது. நாட்டுக்கு நாடு உரிமையும் வேறு வேறு ஆளிடம் இருக்கும், விலையும் வேறு. அதற்காக டிவிடிக்கு உலகத்தை எண்களாகப் பிரித்தார்கள். அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. தென்கொரியா, ஹாங்காங், தென்கிழக்கு ஆசியா 3. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4. நாம் 5, ரஷ்யாவும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் நம்மோடு. சீனா 6. ப்ளூ-ரே 2006ல் வந்தபோது எண் போய் எழுத்து வந்தது. அமெரிக்கக் கண்டம் முழுவதும், ஜப்பான், கொரியா, தென்கிழக்கு ஆசியா எல்லாம் A. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா B. இந்தியா, சீனா, ரஷ்யா C. ஜப்பானைக் கவனியுங்கள்: டிவிடியில் ஐரோப்பாவோடு, ப்ளூ-ரேயில் அமெரிக்காவோடு.

இப்போது டிஸ்க்குகளை எல்லாம் பாயில் பரப்பி, பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டிவிடியில் சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் ஓர் எண் இருக்கும். ப்ளூ-ரேயில் அறுகோணக் கட்டத்துக்குள் எழுத்து இருக்கும். படம் பிரெஞ்சுப் படமா ஜப்பானியப் படமா என்பதில் பூட்டுக்கு அக்கறை இல்லை; டிஸ்க் எந்த நாட்டில் விற்க அச்சானது என்பதுதான் கணக்கு. லண்டன் கடையில் வாங்கிய ஜப்பானியப் படமும் 2 அல்லது B தான். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் ப்ளூ-ரேக்கள் பெரும்பாலும் B. கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் கம்பெனி அங்கே வெளியிடுபவை பெரும்பாலும் A; அதே கிரைட்டீரியன் 2016லிருந்து பிரிட்டனிலும் வெளியிடுகிறது, அவை B. இரண்டின் அட்டையும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். A, B, C மூன்றும் சேர்ந்து போட்டிருந்தால் எங்கேயும் ஓடும். பெரிய அமெரிக்க ஸ்டுடியோக்கள் பலவும் ப்ளூ-ரேயில் பூட்டே போடுவதில்லை. அன்றைக்கு என் வீட்டில் ஓடிய அந்த ஒரு டிஸ்க் அப்படிப்பட்டதுதான்.

ஆக, உங்கள் டிஸ்க் எல்லாம் 2 அல்லது B என்றால் பிரிட்டனின் சாதாரண பிளேயர் போதும். அங்கேயும் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் போலவே. பிளக்கின் பின் மட்டும் சதுரமாக இருக்கும். ஓர் அடாப்டர் போட்டால் முடிந்தது. சிப் மாற்றியது, கோட் போட்டது என்ற தொந்தரவு கிடையாது, கம்பெனி அப்டேட் வந்தாலும் பயமில்லை. நான் இரண்டாவது முறை இதைத்தான் செய்தேன். அந்தப் பரிசோதகரிடம் பணம் கொடுத்து, அவர் ஊரில் பழையதாகக் கிடைத்த பிளேயர் ஒன்றை வாங்கி வரச் சொன்னேன். இன்றைக்கும் ஓடுகிறது. முதலில் வாங்கியது இந்திய டிஸ்க்குகளுக்கும் எல்லா நாட்டு டிவிடிக்கும். டிவி ஸ்டாண்டில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக, சூடு போவதற்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கின்றன.

அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கும் இதே யோசனைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே கரண்ட் 120 வோல்ட். பிளேயரின் பின்பக்கம் 100-240 வோல்ட் என்று அச்சாகியிருந்தால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் நேரடியாக நம் பிளக்கில் சொருகிவிடாதீர்கள், ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எந்த பிளேயராக இருந்தாலும் நம் பக்கம் தோட்டத்து வீடுகளில் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் வைக்க வேண்டாம்.

டிஸ்க்குகள் A, B இரண்டும் கலந்திருந்தால்தான் உண்மையிலேயே ரீஜன் ஃப்ரீ பிளேயர் தேவை. ஒப்போ 2018லும் சாம்சங் 2019லும் பிளேயர்களைக் கைவிட்டுவிட்டன. சோனி, பானசோனிக் மாடல்களை வாங்கி உள்ளே வேலை செய்து விற்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், இணையத்தில் வாங்கலாம். சுங்க வரி தனியாக வரும், அதையும் சேர்த்து விலை பாருங்கள். விற்பவரிடம் மூன்று கேள்வி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ப்ளூ-ரேயின் மூன்று ரீஜனும் ஓடுமா, ரீஜன் தானாக மாறுமா அல்லது ரிமோட்டில் மாற்ற வேண்டுமா, ஃபர்ம்வேர் (பிளேயருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தால் மாற்றம் அழிந்துவிடுமா? மூன்றாவதற்கு அவர் ஆமாம் என்றால் பிளேயரை வைஃபையோடு இணைக்காமலே வைத்திருங்கள்.

4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டு கிடையாது, அதனால் அதை வைத்து பிளேயரைத் தேர்வு செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூ-ரேக்குப் பூட்டு இருக்கலாம்.

அப்புறம் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி ஒளிபரப்பு முறைகள். டிவிடியில் இது ரீஜனுக்கு அப்பாற்பட்ட இன்னொரு சங்கதி. பிரிட்டன், ஐரோப்பா, இந்தியா பால்; அமெரிக்கா, ஜப்பான், கொரியா என்டிஎஸ்சி. முன்பு பழைய பெட்டி டிவியில் என்டிஎஸ்சி டிஸ்க் போட்டால் கலர் படமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும், இல்லை உருண்டுகொண்டே இருக்கும். இன்றைய எல்இடி டிவிகளில் அந்தப் பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் விற்கும் பிளேயர்கள் பலவற்றில் பால் டிவிடி ஓடாது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பால் டிவிடியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். பால் நொடிக்கு 25. அதனால் படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டித்தான் டிஸ்க்கில் ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரப் படம் சுமார் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு காட்சியும் வெட்டவில்லை, ஆனால் சுருதியைத் தனியாகத் திருத்தியிருக்காவிட்டால் குரலும் இசையும் அரைச் சுரத்தில் முக்கால் பங்கு அளவுக்கு மேலே ஏறியிருக்கும். நாதஸ்வரம், கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது தெரியும். மெதுவாக நகரும் படங்களில் அந்த மௌனங்களும் சுருங்கிப்போகின்றன. ப்ளூ-ரேயில் பெரும்பாலும் அசல் வேகமான 24லேயே கிடைக்கும். ஒரே படம் இரண்டிலும் இருந்தால் தங்கையிடம் ப்ளூ-ரேயையே வாங்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்று பலர் சொல்வார்கள். டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எதை வைத்தீர்களோ அதிலேயே நின்றுவிடும். விஎல்சி போன்ற மென்பொருள் இதைத் தாண்டிப் பல டிரைவ்களில் டிவிடியை ஓட்டிவிடும், எல்லாவற்றிலும் இல்லை. ப்ளூ-ரேக்கு டிரைவும் தனி, மென்பொருளும் பணம் கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் பையன்களின் ப்ளேஸ்டேஷன் (ப்ளூ-ரே டிரைவ் உள்ளது) இருந்தால் அதிலும் ப்ளூ-ரே ஓடும், ஆனால் அது விற்கப்பட்ட நாட்டின் ரீஜன் பூட்டோடுதான்.

சப்டைட்டிலை மறந்துவிடாதீர்கள். பூட்டைத் திறந்துவிடலாம், இல்லாத சப்டைட்டிலை எந்த பிளேயராலும் கொண்டுவர முடியாது. ஜெர்மன் டிஸ்க்கில் ஜெர்மன் சப்டைட்டில் மட்டும், பிரான்ஸ் டிஸ்க்கில் பிரெஞ்சு மட்டும், இல்லை எதுவுமே இல்லை என்று பலமுறை வரும். எனக்கு வந்ததில் இரண்டு இன்னும் பிரிக்காமல் இருக்கின்றன. ஆங்கில சப்டைட்டில் வேண்டுமென்றால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ வாங்குவதுதான் பாதுகாப்பு, அந்த விதத்தில் உங்கள் தங்கை சரியான ஊரில் இருக்கிறார்.

இவ்வளவு சிரமம் எதற்கு, போனில் பார்த்துவிடலாமே என்று என் மாப்பிள்ளையே கேட்பார். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) திருப்பூருக்கு வந்து எங்களோடு இரண்டு வருடம் இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுத்தும் கூட்டித்தான் படிப்பார். ஞாயிறு மத்தியானம் ஒரு ஜப்பானியப் படம் போட்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்தி, நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்த்தார். இரண்டு மணி நேரப் படத்துக்கு நாலு மணி நேரம் ஆனது. வயல், மழை, கிழவனும் கிழவியும் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவது எல்லாம் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. “நம்மூருச் சனங்களாட்டமேதான் இருக்குது கண்ணு” என்றார். அடுத்த வாரம் அதையே திரும்பப் போடச் சொன்னார். அந்த டிஸ்க் அலமாரியில் இருந்ததால் போட முடிந்தது. இணையத்தில் இன்றைக்கு இருக்கும் படம் அடுத்த மாதம் இருப்பதில்லை.

கடைசியாக ஒன்று, திருப்பூர், ஈரோடு மாதிரி ஊர்களுக்கு. பஞ்சுத் தூசி பிளேயருக்குள் போய் லென்ஸில் படிந்தால் எந்த டிஸ்க்கும் திக்கும், புது பிளேயரே கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பார்த்து முடித்ததும் மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள்.

சரி, முதலில் அந்த இருபது டிஸ்க்கின் பின்னால் என்ன எண், என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். A மூன்று நாலுக்கு மேல் இல்லையென்றால் லண்டன் பிளேயரே போதும். அந்த மூன்று நாலை B ஆகத் தங்கையிடமே மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.