யார் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது? மத நல்லிணக்கம்: கேள்வி பதில்

கோவை கோட்டைமேட்டுப் பக்கம் தெருக் குழு வேலை பார்த்து இருபத்தைந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் விநாயகர் ஊர்வலம் மசூதித் தெரு வழியாகப் போகும். இந்த வருஷம் நல்லிணக்கக் குழு ஒன்று தொடங்க நினைக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிப்பது ஐயா? (ஆசிரியை, வேலூர் மாவட்டம்)

மேடையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் அம்மா. மூன்று மதப் பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்து, சால்வை போட்டு, புறா பறக்கவிட்டால் அடுத்த நாள் பேப்பரில் படம் வரும். அவ்வளவுதான். புறாவும் திரும்பி வராது.

ஒரு நோட்டு வாங்குங்கள். டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆள், ஜமாத் செயலாளர், கோயில் கமிட்டிக்காரர், சர்ச் பொறுப்பாளர் எல்லோருடைய போன் நம்பரையும் அதில் எழுதுங்கள். அப்புறம் சாக்கடை, குடிநீர், ரேஷன் என்று எல்லோருக்கும் பொதுவான ஒரு தொல்லைக்காக மாதம் ஒருமுறை அவர்களைக் கூட்டுங்கள். மதம் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் பிவண்டி என்ற விசைத்தறி நகரம். 1970லும் 1984லும் அங்கே பெரிய கலவரம். 80களின் கடைசியில் அங்கே காவல் அதிகாரியாக இருந்த சுரேஷ் கோப்டே, பேட்டைக்குப் பேட்டை இரு மதத்தாரும் போலீஸும் சேர்ந்து உட்காரும் மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு, 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும், பம்பாயில் சுமார் 900 பேர் செத்தார்கள். பக்கத்திலேயே இருந்த பிவண்டி எரியவில்லை. வதந்தி அங்கேயும்தான் வந்தது. ஆனால் "அப்படியா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்ல இரு பக்கமும் பழகிய ஆள் இருந்தார்.

ஊர்வலத்துக்கு வருகிறேன். பாதை, நேரம், மேளம் எங்கே நிற்கும், தொழுகை எத்தனை மணிக்கு முடியும், இதையெல்லாம் பத்து நாள் முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவிடுங்கள். போலீஸ் கொடுக்கும் நிபந்தனை உத்தரவின் நகல் இரு தரப்பிடமும் இருக்கட்டும். மசூதி வாசலில் இரு பக்க இளைஞர்களும் கலந்து நிற்க வேண்டும். வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினால் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

நாங்கள் மாமன் மச்சானாகப் பழகுகிறோம். எங்களுக்கு எதற்குக் குழு? (ராமநாதபுரம்)

1997 நவம்பர் வரை நாங்களும் அதையேதான் சொன்னோம். 29ஆம் தேதி ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த நாட்களில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர். அன்றைக்கு எங்கள் தெருவில் போன் இருந்த வீடுகளே மூன்று. அந்த மூன்று வீட்டாரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டதே இல்லை.

'செக்யூலர்' என்ற சொல்லே எமர்ஜென்சியில் நுழைத்ததுதானே?

சொல் வந்தது 1976இல், 42ஆவது திருத்தத்தில். கருத்து அதற்கு முன்பே அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 25 முதல் 28 வரையுள்ள பிரிவுகளைப் படியுங்கள். 1994இல் எஸ்.ஆர். பொம்மை என்ற முன்னாள் முதல்வரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படைக் கட்டமைப்பு, அதாவது நாடாளுமன்றமும் திருத்தி அழிக்க முடியாத பகுதி, என்றது. முகவுரையிலிருந்து சொல்லை நீக்கக் கேட்ட மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

வெறுப்புப் பேச்சுக்கு எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?

மதத்தின் பேரால் பகை மூட்டுவதற்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 196. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதற்கான பழைய 295ஏ இப்போது 299. பேச்சின் முழுப் பதிவு, இடம், தேதி, நேரத்தோடு எழுத்துப் புகாராகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தேர்தலில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டது வேறு கதை. ஜெயித்தவரின் வெற்றியை அதைக் காட்டிச் செல்லாததாக்க வேண்டுமென்றால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். மேற்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

ஒன்று, அந்த வீடியோவைக் கண்டிப்பதற்காகக்கூட பார்வர்ட் செய்யாதீர்கள்.

உங்கள் குழுவினர் நோன்புக் கஞ்சி குடிப்பதும் பிரசாதம் வாங்குவதும் எப்படி மதச்சார்பின்மை ஆகும்? நீங்கள் மதத்தைத்தான் வளர்க்கிறீர்கள் தோழர்.

ஆகாதுதான். மதச்சார்பின்மை அரசாங்கத்தின் கடமை. கலெக்டர் ஆபீசில் எந்தச் சாமி படமும் வேண்டாம் என்று நீங்கள் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன். நல்லிணக்கம் என்பது பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. இரண்டும் வேண்டும்.

1982இல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவர் மோதல் துப்பாக்கிச் சூடுவரை போனபோது, காவி உடுத்திய சைவ மடாதிபதி குன்றக்குடி அடிகளார்தான் சமாதானம் பேசப் போனார். அவரும் பெரியாரும் எதிரெதிர் முகாம், ஆனாலும் நண்பர்கள். பக்தர்கள் நிறைந்த தெருவில் பக்தரின் சொல்தான் எடுபடும், நான் என்ன செய்ய?

(அதே தோழர்) இது சமரசம்.

ஆமாம். சமரசம் பேசத்தான் போகிறோம்.

கஞ்சி குடிக்கும் உங்கள் குழுவில் எத்தனை பெண்கள் ஐயா? (கல்லூரி மாணவி, திருப்பூர்)

குத்தினாய் அம்மா. முதல் பதினோரு வருஷம் ஒருவர்கூட இல்லை. அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. பிறகு மகளிர் சுய உதவிக் குழு ஒன்றைப் பார்த்தோம். இரு மதப் பெண்களும் இருந்தார்கள், ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்டுவார்கள். எங்கள் குழுவைவிடக் கெட்டியான உறவு அதுதான். குழாயடியில் ஒரு வதந்தியை அவர்கள் பத்து நிமிஷத்தில் அணைத்ததைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் கூட்டம் கூட்டவே ஒரு நாள் ஆகும்.

கஞ்சியைக் கேலி செய்கிறாரே, அந்தத் தோழர் ஒருமுறை குடித்துப் பார்க்கட்டும்! (நாகூர்)

உங்கள் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அதைச் சொல்லியிருந்தால் இன்னும் வலுவாக இருந்திருக்கும். கஞ்சி விவகாரத்தை விடுங்கள், இன்னும் ஒன்பது கேள்வி அதைப் பற்றியே வந்து கிடக்கிறது.

அவர்களிடம், முஸ்லிம்களிடம், ஏன் இதைச் சொல்வதில்லை?

சொல்கிறோம். 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்த பிறகு, ஜமாத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே போய்ப் பேசினார்கள்.

அவர்கள் பக்கம் ஏன் கேட்பதில்லை?

மேலே பாருங்கள்.

நடுநிலை என்றால் இரு பக்கமும்...

மேலே.

திருப்பரங்குன்றம் மலையில் கோயில்-தர்கா விவகாரம் பற்றி உங்கள் கருத்து?

தீர்ப்புகளைப் படியுங்கள், மதுரைக்காரர்களைக் கேளுங்கள். நான் கோவையில் இருந்துகொண்டு எண்ணெய் ஊற்றமாட்டேன்.

ஐயா, இந்த வீடியோ உண்மையா? இணைத்திருக்கிறேன்.

பார்வர்ட் செய்யாதீர்கள் என்றேனே!

அடுத்து எப்போது பதில் சொல்வீர்கள்?

தெரியாது. ஆறு மணிக்கு வார்டு ஆபீசில் சாக்கடை விஷயமாகப் போக வேண்டும். ஜமாத் செயலாளர் வண்டியோடு வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார்.