ரோஸ் அட்டைகள்: கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஜெர்மன் நடிகை படம் போட்ட தபால் அட்டை கிடைத்தது. கீழே 'ரோஸ் ஃபெர்லாக்' என்று இருக்கிறது. ஹிட்லர் காலத்ததா?

பதில்: அந்தப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1920களிலேயே அந்தப் பதிப்பகம் அட்டை போட்டது. பெர்லினில் அதை நடத்திய ஹைன்ரிஷ் ரோஸ் ஒரு யூதர். 1937இல் நாஜிகள் அவரிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் 1941 வரை விடவில்லை. விரட்டியவரின் பெயரையே அச்சடித்து விற்றார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. பிறகு 'ஃபிலிம் ஃபோட்டோ ஃபெர்லாக்' ஆனது. உங்கள் அட்டையில் அப்படி இருந்தால் போர்க்காலத்தது.

கேள்வி: அட்டையில் உள்ள நடிகை ஸாரா லேயாண்டரின் கையெழுத்து அசலா?

பதில்: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மையால் போட்டதென்றால் கோடு பளபளப்புக்கு மேலே தனியாகத் தெரியும். படத்தோடு ஒன்றாக மினுங்கினால் சேர்த்து அச்சானது. பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: லேமினேட் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. கோந்தும் வேண்டாம், பிவிசி உறையும் வேண்டாம்.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: அட்டையைப் பார்க்காமல் சொல்வதில்லை.

கேள்வி: நாஜிகளுக்காக நடித்தவர்களின் படத்தைச் சேர்ப்பது தவறில்லையா?

பதில்: ஜெர்மன் நடிகர் யோஆகிம் காட்ஷால்க்கைத் தெரியுமா? அவர் மனைவி மேட்டா யூதர். விவாகரத்து செய்யச் சொல்லி நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் நெருக்கினார். அவர் மறுத்தார். மனைவியையும் பிள்ளையையும் நாடுகடத்தப் போகிறார்கள் என்ற நிலையில், 1941 நவம்பரில் மூவரும் வீட்டிலேயே உயிரைவிட்டார்கள். அவர் அட்டை என்னிடம் இருக்கிறது. பழைய படங்களில் வருவதுபோல் ஓரத்தில் வெள்ளிப் பளபளப்பு பூத்திருக்கிறது, முகம் இன்னும் தெளிவு. அதைத் தூக்கிப்போடச் சொல்கிறீர்களா?

கேள்வி: எல்லோரும் காட்ஷால்க் இல்லையே! கிறிஸ்டினா சோடர்பாம்?

பதில்: சரிதான். யூதர்களை இழிவுபடுத்த 1940இல் எடுத்த 'யூட் ஸூஸ்' படத்தின் கதாநாயகி அவர். அவர் அட்டையும் வைத்திருக்கிறேன், அதே ஆல்பத்தில், எதிர்ப்பக்கம். பக்கத்தில் படத்தின் பெயரையும் ஆண்டையும் துண்டுச்சீட்டில் எழுதிச் செருகியிருக்கிறேன். அழகான முகங்களை மட்டும் அடுக்கி, அவர்கள் எதில் நடித்தார்கள் என்பதை மறைத்தால்தான் தவறு.

கேள்வி: அப்படியானால் அவற்றை விற்று லாபம் பார்ப்பது?

பதில்: நான் விற்பதில்லை. விற்பவர்கள் அந்தச் சீட்டையும் சேர்த்தே கொடுக்கட்டும்.

கேள்வி: என்னிடம் பன்னிரண்டு அட்டை. லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். என்ன விலை?

பதில்: இரண்டுக்கும் மேலே சொல்லிவிட்டேன். பிரிக்க முயலாதீர்கள், படம் கிழிந்து வரும்.