பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. உயரம் 104 செ.மீ., எடை 21 கிலோ. அங்கன்வாடியில் எடை அதிகம் என்றார்கள். என் மாமியாரோ, "புள்ள மேல கண்ணு வைக்கிறாங்க" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் கணவர், "வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
- வாசகி, காரைக்குடி

மருத்துவர் பதில்: இல்லை அம்மா, உங்கள் கவலை நியாயமானது. அந்த உயரத்துக்கு 16, 17 கிலோ இருந்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 21 கிலோ அதிக எடைதான். கண்ணால் பார்த்து இதைச் சொல்வது கஷ்டம். எடை கூடிய குழந்தைகளின் பெற்றோரில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் பிள்ளை சரியான எடையில் இருப்பதாகவே நினைக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

மாமியார் மேல் வருத்தம் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரே வாரத்தில் பிள்ளைகள் துரும்பாக இளைத்துப்போனதைப் பார்த்த தலைமுறை அவருடையது. உடம்பில் கொஞ்சம் சதை இருந்தால் பிள்ளை தாங்கும் என்ற எண்ணம் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது. இன்று தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இருக்கின்றன. "ஊட்டாதீங்க" என்று நீங்கள் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். அடுத்த முறை குழந்தை நல மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். வளர்ச்சி அட்டையில் புள்ளி எங்கே விழுகிறது என்பதை அவரே பார்க்கட்டும்.

கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த வயதில் வருடத்துக்கு 6, 7 செ.மீ. உயரம் கூடும். எடையை ஏறவிடாமல் பார்த்துக்கொண்டால் உயரம் வந்து ஈடுகட்டிவிடும். ஆனால் தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டால், பெரும்பாலும் எடையும் சேர்ந்தே வளரும். அதற்காகப் பட்டினி வேண்டாம், டயட் வேண்டாம். 4 வயதுப் பிள்ளையை இளைக்க வைக்கவே கூடாது.

உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். மூன்றாவது இட்லியில் பிள்ளை முகத்தைத் திருப்புவான். உடனே கையில் செல்போன் வரும், "அப்பத்தாவுக்காக ஒரு வாய்" என்று இன்னும் ஒன்று உள்ளே போகும். வயிறு போதும் என்று சொல்வதைக் கேட்கும் பழக்கம் இப்படித்தான் கெடுகிறது. முதல் வருடத்துக்குப் பிறகு வளரும் வேகம் குறைவதால் பசியும் குறைவது இயல்பு. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள். தானே எடுத்துச் சாப்பிடட்டும்.

கந்தரப்பம், கும்மாயம் போன்ற உங்கள் ஊர் இனிப்புகளை நான் குறை சொல்ல மாட்டேன். விசேஷத்துக்குச் செய்வதைப் பிள்ளை ஆசையாகச் சாப்பிடட்டும். தினமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் தேன்குழல் சம்படம், பிஸ்கட், பாலில் கலக்கும் சத்து பவுடர், அதற்கு மேல் ஒரு ஸ்பூன் சர்க்கரை, இவைதான் எடையைக் கூட்டுகின்றன. முதலில் பவுடரை நிறுத்துங்கள். ஒரு நாளைக்குச் சர்க்கரையில்லாத பால் 400 மி.லி. போதும். மாலையில் அவித்த கடலையோ சுண்டலோ நன்றாக மசித்துக் கொடுக்கலாம். கணவரிடம் சாக்லெட்டுக்குப் பதில் ஒரு பந்து வாங்கி வரச் சொல்லுங்கள்!

இந்த வயதில் நாளெல்லாம் சேர்த்து 3 மணி நேரம் ஓடியாட வேண்டும். அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். உங்களுடையது பெரிய வளவு வீடு என்றால் வெயில் தாழ்ந்ததும் முற்றத்தில் விட்டுவிடுங்கள். டிவி, செல்போன் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். அப்புறம், அவன் காதுபட யாரும் "குண்டு" என்று சொல்லக் கூடாது, செல்லமாகக்கூட.

வாரா வாரம் எடை பார்க்காதீர்கள். 3 மாதத்துக்கு ஒரு முறை, ஒரே எடைமெஷினில், உயரத்தோடு சேர்த்துப் பாருங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தாலோ, கழுத்து மடிப்பில் தோல் கறுத்துத் தடித்தாலோ, எடை ஏறியும் உயரம் ஏறாமல் நின்றாலோ 3 மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.