அரசியலமைப்பை எழுதிய கதை: வந்த கேள்விகளும் என் பதில்களும்

இந்திய அரசியலமைப்பு உருவான விதம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அம்பேத்கர் எழுதவே இல்லை, பி.என்.ராவ்தான் எழுதினார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா?

பாதி உண்மையை எடுத்துக்கொண்டு முழுப் பொய் சொல்கிறார்கள். பெனகல் நரசிங் ராவ், அரசியலமைப்பை எழுதக் கூட்டிய அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர், உறுப்பினர் அல்ல. 1947 அக்டோபரில் அவர் முதல் வரைவைத் தயாரித்தார். அதில் 243 பிரிவுகள். அதைப் பிரித்து மேய்ந்து மாற்றி எழுதத்தான் அம்பேத்கர் தலைமையில் ஏழு பேர் வரைவுக் குழு. 1948 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட வரைவில் 315 பிரிவுகள், கடைசியில் நிறைவேறியது 395. இடையில் 7,635 திருத்தங்கள் வந்தன, 2,473 சபையில் முன்மொழியப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்று ஏன் ஏற்கிறோம், ஏன் தள்ளுகிறோம் என்று சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அம்பேத்கர்தான், அதுவும் உடம்பு சரியில்லாத நிலையில்.

இதற்குச் சாட்சி நம்ம ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1948 நவம்பர் 5 அன்று சபையிலேயே சொன்னார்: குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், இன்னொருவர் சமஸ்தான வேலையில், ஓரிருவர் டெல்லிக்கு வெகுதூரத்தில், ஆக மொத்தச் சுமையும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று. அதே அம்பேத்கர் 1949 நவம்பர் 25 உரையில், எனக்குத் தரும் பாராட்டு முழுக்க எனக்குரியது அல்ல என்று சொல்லி, ராவையும் தலைமை வரைவாளர் எஸ்.என்.முகர்ஜியையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். அவரே திறந்து சொன்னதை எழுபது வருஷம் கழித்து ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி ஃபார்வேர்டு செய்கிறார்கள்.

இன்னொரு விஷயம், அவர் அந்தச் சபைக்குள் வந்ததே இழுபறிதான். முதலில் வங்காளத்திலிருந்து தேர்வானார், பிரிவினையில் அந்த இடம் போய்விட்டது, பிறகு பம்பாயில் ஜெயகர் விலகிய இடத்தில் காங்கிரஸ் ஆதரவோடு மறுபடி வந்தார்.

அந்தச் சபையை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அப்புறம் எப்படி ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று எழுதினார்கள்?

நியாயமான கேள்வி. 1946 ஜூலையில் மாகாண சட்டசபை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். அந்தச் சட்டசபைகளுக்கே சொத்தோ வரியோ படிப்போ இருந்தவர்கள்தான் ஓட்டுப் போட முடிந்தது, வயதுவந்தவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர். சமஸ்தானப் பிரதிநிதிகளில் பலர் மன்னர்கள் நியமித்தவர்கள். முஸ்லிம் லீக் ஆரம்பத்தில் புறக்கணித்தது. இந்தக் குறைகளை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் அப்படி வந்தவர்கள் செய்த முக்கியமான காரியம், தங்களைத் தேர்ந்தெடுத்த அந்தக் குறுகிய வழியையே அடைத்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லாத நாட்டில் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்றார்கள். சட்டம் நிறைவேறும் முன்பே, 1948-லேயே வாக்காளர் பட்டியல் வேலையைத் தொடங்கினார்கள். அதில் ஒரு சிக்கல்: வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய தாய்’ என்று மட்டுமே எழுதச் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் இடமில்லை என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றதில் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு முதல் தேர்தலுக்கு முன் நீக்கப்பட்டது. கடுமையான முடிவு, ஆனால் சரியானது என்றே நினைக்கிறேன்.

எல்லாமே வெளிநாட்டுக் காப்பிதானே?

பாதிக்கு மேல் உள்நாட்டுக் காப்பி, அதாவது பிரிட்டிஷார் போட்ட 1935-ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம். நிர்வாகப் பகுதிகளை அதிலிருந்து அப்படியே எடுத்தார்கள். வீணையோ சிதாரோ கேட்கலாம் என்று வந்தோம், இங்கிலீஷ் பேண்டு வாசிக்கிறீர்கள் என்று மைசூர் ஹனுமந்தையா சபையிலேயே அலுத்துக்கொண்டார். கடன் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அடிப்படைக் கருத்துகளுக்கு யாரிடமும் காப்புரிமை கிடையாது என்பது அம்பேத்கரின் பதில்.

என்ன எடுத்தார்கள் என்பதைவிட, எதைத் தெரிந்தே விட்டார்கள் என்று பாருங்கள். 1947 கடைசியில் ராவ் அமெரிக்கா போனபோது அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். ஒரு சட்டம் நியாயமானதா என்று நீதிபதிகள் எடைபோட வழிசெய்யும் அமெரிக்க வாசகத்தை எடுக்காதீர்கள், அது நீதிமன்றத்துக்கு அளவுக்கு மீறிய பாரம் என்பது அவர் ஆலோசனை. அதனால் ஜப்பானின் புதிய அரசியலமைப்பில் இருந்ததைத் தழுவி, ‘சட்டம் வகுத்த நடைமுறைப்படி’ ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்று பிரிவு 21-ல் போட்டார்கள். சபையில் பலருக்கு இது பிடிக்கவே இல்லை. பயந்தது போலவே, சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் வழக்குப் போட, 1950-லேயே உச்ச நீதிமன்றம் ‘சட்டம் இருக்கிறது, நடைமுறை இருக்கிறது, அவ்வளவுதான்’ என்கிற ரீதியில் தீர்ப்புச் சொன்னது. அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல 1978-இல் மேனகா காந்தி வழக்கு வர வேண்டியிருந்தது. இந்த ஒரு இடத்தில் காப்பியே அடித்திருக்கலாம்.

கூட்டாட்சி என்கிறார்கள், ஆனால் எல்லா அதிகாரமும் மத்தியில்தானே இருக்கிறது?

முதல் திட்டம் இதுவல்ல. 1946-இல் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அமைச்சர் குழுவான கேபினட் மிஷன் சொன்ன மத்திய அரசிடம் வெளியுறவு, பாதுகாப்பு, தகவல் தொடர்பு மூன்றுதான். நேரு 1946 டிசம்பர் 13 அன்று கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்திலும் எஞ்சிய அதிகாரங்கள், அதாவது யாருக்கு என்று தனியே சொல்லாதவை, மாகாணங்களுக்கே. முஸ்லிம் லீகை உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் அப்போது இருந்தது.

1947 ஜூன் 3 அன்று பிரிவினை அறிவிப்பு வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. ஒரே மாதத்தில், நேரு தலைமையிலான மத்திய அதிகாரக் குழு வலுவான மத்திய அரசு வேண்டும் என்று அறிக்கை கொடுத்துவிட்டது, எஞ்சிய அதிகாரமும் மத்திக்கு. சபைக்கு வெளியே அகதிகள், கலவரம், சேராத சமஸ்தானங்கள், நடுவில் 1948 செப்டம்பரில் ஹைதராபாத் நடவடிக்கை வேறு. அந்தப் பயம் பிரிவுக்குப் பிரிவு தெரியும். கல்விக்கும் சுகாதாரத்துக்கும் மாகாணங்கள் மத்தியிடம் போய்ப் பணம் கேட்டு நிற்கும் நிலை வேண்டாம் என்று சென்னையின் கே.சந்தானம் 1947-லேயே எச்சரித்தார். இன்றைக்கு நிதிப் பகிர்வுச் சண்டையில் மாநிலங்கள் பேசுவதும் இதைத்தான்.

பிரிவு 3-ஐயும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டசபையின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2014-இல் ஆந்திர சட்டசபை மசோதாவை நிராகரித்த பிறகும் தெலங்கானா உருவானது அப்படித்தான். ஆனால் இந்த வசதி இல்லாமல் 1956-இல் மொழிவாரி மாநிலங்களை இவ்வளவு சுலபமாகப் பிரித்திருக்க முடியாது. பிரிவினைக் கால நெருக்கடிக்காக எழுதியது நிரந்தரமாகத் தங்கிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

இந்தி விஷயத்தில் தமிழ் உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்?

சும்மா இருக்கவில்லை. சபை கூடிய இரண்டாவது நாளே ஐக்கிய மாகாணத்து (இன்றைய உத்தரப் பிரதேசம்) உறுப்பினர் துலேகர், இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்க உரிமையில்லை என்றார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா, முடிவு உங்கள் கையில் என்று டி.டி.கே. பின்னால் கேட்டது இப்படிப்பட்ட பேச்சுகளுக்கான பதில். 1949 செப்டம்பர் 14 அன்று நிறைவேறிய சமரசத்தை எழுதியவர்கள் வரைவுக் குழுவில் இருந்த முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும்: ஆட்சி மொழி இந்தி, 15 வருஷம் ஆங்கிலம் தொடரும், எண்கள் சர்வதேச வடிவில் (1, 2, 3 என்று). தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். 15 வருஷம் முடிந்த 1965 ஜனவரியில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

முகவுரையில் கடவுள் பெயர் இல்லாதது ஏன்?

ஓட்டெடுப்பில் தோற்றது. சபை உறுப்பினர் எச்.வி.காமத் ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்கச் சொன்னார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்களில் பக்திமான்களும் இருந்தார்கள்.

ஏன் இவ்வளவு பெரிய புத்தகம்?

சென்னையிலிருந்து போன அம்மு சுவாமிநாதனுக்கும் இதே குறைதான். கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்கிற அளவில் இருக்கும் என்று நினைத்திருந்தாராம். 1935 சட்டத்தின் நிர்வாக விவரங்களை உள்ளே இழுத்துக்கொண்டதுதான் முக்கியக் காரணம்.

இவ்வளவு யோசித்து எழுதியதை அடுத்த வருஷமே திருத்தினார்களே?

அதற்குக் காரணங்களில் ஒன்று நம் மாகாணம். மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது உச்ச நீதிமன்றத்தில் தெரிந்தும் வழக்கு நின்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு மனுதாரருக்காக வாதாடியவர் வரைவுக் குழுவிலேயே இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். அரசாணை செல்லாது என்று அங்கேயும் தீர்ப்பு வந்தது, 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் வந்தது. பெரியார் தரப்பு தெருவில் இறங்கியது. அதே வருஷம் ஜூனில் முதல் திருத்தம் வந்து, கல்வி இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் பிரிவு 15(4) சேர்ந்தது. திருத்தியதும் புதியவர்கள் இல்லை. பொதுத் தேர்தல் இன்னும் நடக்காததால், அரசியலமைப்பை எழுதிய அதே சபைதான் தற்காலிக நாடாளுமன்றமாக உட்கார்ந்திருந்தது.