ஒலிம்பியாஸும் யூரிடிகேயும் – கடிதம்

வணக்கம் ஐயா,

அலெக்சாண்டருக்குப் பின் நடந்த வாரிசுச் சண்டைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவனுடைய அம்மா ஒலிம்பியாஸ், இளம் அரசி யூரிடிகேயைச் சாகவைத்த இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. அரண்மனைப் பெண்களின் பொறாமைதான் அந்தக் குடும்பத்தை அழித்ததா?

ரா.

அன்புள்ள ரா,

அதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யூரிடிகேயின் கதையை முதலிலிருந்து பாருங்கள்.

அவளுடைய இயற்பெயர் அதேயா. அப்பா அமிந்தாஸ், அலெக்சாண்டரின் தந்தையான இரண்டாம் பிலிப்பின் அண்ணன் மகன். அரியணைக்குப் போட்டியாக வரக்கூடியவன் என்பதால், அலெக்சாண்டர் பட்டத்துக்கு வந்ததும் அவனைக் கொன்றுவிட்டான். அம்மா கினானே, பிலிப்பின் மகள். மகளுக்குப் போர்ப்பயிற்சி கொடுத்து வளர்த்தவள்.

கி.மு. 323இல் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்ததும், வேறு தாய்க்குப் பிறந்த, மனவளர்ச்சி குன்றிய அண்ணன் அர்ரிடேயஸையும், மனைவி ரொக்சானாவுக்குப் பிறந்த குழந்தையையும் சேர்த்து அரசர்களாக்கினார்கள். அதிகாரம் தளபதிகளிடம் இருந்தது. கினானே மகளை அர்ரிடேயஸுக்கு மணமுடிக்க ஆசியாவுக்குப் புறப்பட்டாள். வழியில் அல்கெட்டாஸ் என்ற தளபதி அவளைக் கொன்றான். படைவீரர்கள் கொதித்துப்போய் அந்தக் கல்யாணத்தை நடத்தவைத்தார்கள். யூரிடிகே என்ற பெயர் அப்போது வந்ததுதான். அவளுக்குப் பதினைந்து வயதுதான் இருந்திருக்கும்.

பிலிப்புக்கு ஏழு மனைவிகள். அடுத்து யார் என்பதற்குத் தெளிவான முறை எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட குடும்பத்தில் கணவனோ மகனோ பேரனோ அரியணையில் இருந்தால்தான் ஒரு பெண் உயிரோடு இருக்க முடியும். கி.மு. 317இல் யூரிடிகே தளபதி கசாண்டரோடு சேர்ந்தாள். பேரனுக்காக ஒலிம்பியாஸ் தன் பிறந்த நாடான எபிரஸிலிருந்து படையோடு வந்தாள். தோற்றவர் பிழைக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒலிம்பியாஸைப் பார்த்ததும் மாசிடோனிய வீரர்கள் சண்டையே போடாமல் அவள் பக்கம் போய்விட்டார்கள். கணவன் மனைவி இருவரையும் ஒரு சின்ன அறையில் வைத்துச் சுவர் எழுப்பி, ஒரு துளை வழியாகச் சாப்பாடு கொடுத்தார்களாம். அப்புறம் அர்ரிடேயஸைக் குத்திக் கொன்றார்கள். அவளுக்கு வாள், கயிறு, நஞ்சு மூன்றும் அனுப்பப்பட்டன. இதே பரிசுகள் ஒலிம்பியாஸுக்கும் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, கணவனின் காயங்களைத் துடைத்து உடலைக் கிடத்திவிட்டு, தன் இடைக்கச்சையிலேயே தூக்கிட்டுக்கொண்டாள். அழவில்லை என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ். நீங்கள் நின்றுபோன இடத்தில் எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்தது.

ஒலிம்பியாஸ் செய்தது கொடுமை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமிந்தாஸைக் கொன்ற அலெக்சாண்டரைப் பொறாமைக்காரன் என்று யாரும் எழுதுவதில்லையே. கசாண்டரைப் பாருங்கள். ஒலிம்பியாஸ் தங்கியிருந்த பித்னா நகரை முற்றுகையிட்டு, பட்டினியால் அவளைப் பணியவைத்தான், கி.மு. 316இல் அவள் கொல்லப்பட்டாள். யூரிடிகேயையும் அர்ரிடேயஸையும் அரச மரியாதையோடு அடக்கம் செய்து, பிலிப்பின் இன்னொரு மகள் தெசலோனிகேயைத் தானே மணந்துகொண்டான். இதெல்லாம் அரியணைக்கு உரிமை தேடும் வேலை. சில ஆண்டுகளில் ரொக்சானாவையும், பன்னிரண்டு பதின்மூன்று வயதே ஆன அந்தப் பையனையும் கொல்லச் சொன்னவனும் அவன்தான்.

டயோடோரஸின் வரலாற்றில் 18, 19ஆம் பாகங்களில் இதெல்லாம் வருகிறது. நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து படியுங்கள். பித்னா முற்றுகையைத் தவறவிடாதீர்கள்.

அன்புடன்.