பிரெஞ்சில் 'வந்திருப்பேன்', 'தங்கியிருப்பேன்' என்று எப்படிச் சொல்வது?

தமிழில் 'இருப்பேன்' பின்னால் ஒட்டும். பிரெஞ்சில் துணைவினை முன்னால் வரும். 'அவ்வார்' (உடைமையைக் குறிக்கும் வினை) அல்லது 'எத்ர்' (இரு என்னும் வினை) இவற்றில் ஒன்றை நிபந்தனை வடிவில் ('ஓரே', 'ஸெரே') வைத்து, முக்கிய வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால் போதும். 'ஜோரே பார்லே' என்றால் பேசியிருப்பேன். வருவது, போவது, தங்குவது போன்ற சில வினைகளுக்கு 'எத்ர்': 'ஜெ ஸெரே ரெஸ்தே', தங்கியிருப்பேன். சொல்பவர் பெண் என்றால் எழுத்தில் கடைசியில் ஓர் 'எ' கூடும், உச்சரிப்பு மாறாது.

எல்லாரும் சறுக்குவது 'ஸி' (ஆல்) பகுதியில்தான். அங்கே நிபந்தனை வடிவம் வரவே கூடாது: 'ஸில் அவே ப்ளூ, ஜெ ஸெரே ரெஸ்தே', மழை பெய்திருந்தால் தங்கியிருப்பேன்.

அப்புறம், எனக்குப் பிடித்தது செய்தித்தாள் பயன்பாடு. 'ல மினிஸ்த்ர் ஓரே தெமிஸியொனே' என்றால் அமைச்சர் பதவி விலகிவிட்டாராம். உறுதியாகாத செய்திக்கு நாம் போடும் அதே 'ஆம்'!