காற்றே வராத ஏசிக்கு கேஸ் எதற்கு?

கேள்வி: 2013 மாடல் சின்ன கார் வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகவே ஏசி ப்ளோயர் 4-ல் வைத்தால்தான் ஓடியது, 1, 2, 3-ல் சத்தமே இருக்காது. போன வாரத்திலிருந்து 4-லும் இல்லை. வென்ட்டில் கையை வைத்துப் பார்த்தால் காற்று துளியும் வரவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேஸ் இறங்கிவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார்கள். நிரப்பலாமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டாம், அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். கேஸ் குறைந்தால் காற்று சூடாக வரும், ஆனால் வரும். உங்களுக்குக் காற்றே வரவில்லை. காற்றைத் தள்ளுவது டேஷ்போர்டுக்குள் இருக்கிற ப்ளோயர் மோட்டார், குளிர வைப்பது கம்ப்ரசரும் கேஸும், இரண்டும் வேறு வேறு வேலை. கேஸ் முழுசாக இருந்தாலும் ப்ளோயர் சுற்றாவிட்டால் அந்தக் குளிர்ச்சி உங்கள் முகத்துக்கு வந்து சேராது.

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டாவது வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ப்ளோயரின் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது ரெசிஸ்டர் என்கிற சின்ன பாகம். கடைசி வேகத்தில் மட்டும் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகாமல் நேராக மோட்டாருக்குப் போய்விடும், அதனால்தான் ரெசிஸ்டர் எரிந்தாலும் 4 மட்டும் ஓடும். இப்போது அதுவும் நின்றுவிட்டது என்றால், முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலோ, வண்டியோடு கொடுத்த புத்தகத்திலோ எது ப்ளோயருக்கு உரியது என்று போட்டிருக்கும், பல வண்டிகளில் 30 ஆம்பியர். போயிருந்தால் அதே அளவில் மாற்றுங்கள், 'கொஞ்சம் பெரிசாப் போட்டா போகாது' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், கார் தீப்பிடிக்கிற அளவுக்குப் போகலாம். ப்ளோயருக்குப் போகிற கரண்டை ஆன், ஆஃப் செய்கிற ரிலே என்கிற சின்ன பாகமும் ஒரு சந்தேகம்தான், அதே பாக்ஸில் அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிச் செருகினாலே தெரிந்துவிடும்.

ஃபியூஸும் ரிலேவும் சரி என்றால் இடது பக்க சீட்டில் இருப்பவரின் கால் வைக்கிற இடத்துக்குப் போங்கள். நம் ஊர் வண்டிகள் பலவற்றில் கிளவ் பாக்ஸுக்குக் கீழே அல்லது பின்னால்தான் ப்ளோயர் இருக்கும். சுவிட்சை 4-ல் வைத்துவிட்டு மோட்டாரின் அடியில் ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டார் மாற்ற வேண்டியதுதான். தட்டியும் அசையாவிட்டால் மோட்டாருக்குப் போகிற கனெக்டரைக் கழற்றி, கரண்ட் வருகிறதா என்று காட்டும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் காலி. வரவே இல்லை என்றால் ஒயரிங்கிலோ சுவிட்சிலோ கனெக்டரிலோ கோளாறு, எலி கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ரெசிஸ்டரின் கனெக்டரையும் கழற்றி உற்றுப் பாருங்கள், பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் போதாது, அந்த கனெக்டரையும் மாற்ற வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரெசிஸ்டர் ஏன் எரிந்தது? அது ப்ளோயர் தள்ளுகிற காற்றில்தான் தன் சூட்டை ஆற்றிக்கொள்கிறது. கேபின் ஃபில்டரில் தூசியும் வேப்பிலையும் சேர்ந்து காற்று போக வழியில்லாமல் போனாலோ, மோட்டார் இறுகி கரண்டை அதிகமாக இழுத்தாலோ, புது ரெசிஸ்டரும் சீக்கிரமே எரியும். அதனால் கழற்றியதோடு ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள் (சில அடிப்படை மாடல்களில் ஃபில்டரே வைத்திருக்க மாட்டார்கள், அப்படியென்றால் குப்பை நேராக, காற்றைக் குளிர வைக்கிற கூலிங் காயிலில் போய் அப்பியிருக்கும்). அப்புறம், ப்ளோயர் சரியாகும் வரை ஏசி பட்டனைத் தொடாதீர்கள். காற்று இல்லாமல் கம்ப்ரசர் ஓடுவது அதற்கு நல்லதல்ல.

கேள்வி: சென்னையிலிருந்து கிளம்பும்போது காற்று நன்றாக வருகிறது. விழுப்புரம் தாண்டினால் குறைந்துகொண்டே வந்து நின்றே போகிறது, ஆனால் ப்ளோயர் சத்தம் கேட்கிறது. டீ குடிக்க நிறுத்திவிட்டுக் கிளம்பினால் மறுபடி வருகிறது. காருக்கு அடியில் தண்ணீர் நிறைய சொட்டுகிறது.
- வாசகர், திருச்சி

பதில்: கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. டீ குடிக்கிற நேரத்தில் அது உருகுகிறது, அந்தத் தண்ணீர்தான் சொட்டுகிறது. காயில் உறைகிற நிலைக்கு வந்தால் கம்ப்ரசரை நிறுத்த ஒரு சென்சார் உண்டு, அது கெட்டாலும் ஐஸ் கட்டும், ஃபில்டர் அடைத்தாலும் கட்டும். கேஸ் குறைந்தாலும் கட்டும். ஆக உங்கள் விஷயத்தில் கேஸ் பிரஷரையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் ஃபில்டரையும் சென்சாரையும் பார்த்த பிறகு. குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவதில் பிரயோஜனம் இல்லை. வழியில் நின்றுபோனால் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதில்லை, ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓட விடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்று திரும்பிவிடும்.

கேள்வி: ப்ளோயர் ஓடுகிறது, காலுக்குக் காற்று வருகிறது, முகத்துக்கு வரவில்லை. திசை மாற்றும் திருகைத் திருப்பினால் லூஸாகச் சுற்றுகிறது.
- வாசகி, கோவை

பதில்: ப்ளோயரில் குறையில்லை. காற்றின் திசையை மாற்றுகிற தகட்டை இழுக்கும் கேபிள் கழன்றிருக்கும், அல்லது அதன் கிளிப் உடைந்திருக்கும். டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள், பல வண்டிகளில் திருகு இருக்கிற பேனலையோ கிளவ் பாக்ஸையோ கழற்றினாலே கேபிள் கைக்கு எட்டிவிடும்.